பத்து எண்ணும் பொருத்தம்

அன்று பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு அந்த மோட்டார் சைக்கிளின் சத்தம் நின்றது. சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே பாயில் உட்கார்ந்திருந்தேன். அதனால் நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்ல முடிகிறது. என் மடியில் ஒன்பது வயது மகள் கமலத்தின் தலை இருந்தது. அவள் கண்கள் பாதி திறந்திருந்தன. கூப்பிட்டால் திரும்பவில்லை. அவளுக்கு ஊசி போட வந்துகொண்டிருந்த எங்கள் தோட்டத்து வைத்திய உதவியாளரான டிரசரின் வண்டிதான் அது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மேட்டுச் சாலையில் அது ஏறுவதை மூன்றேகாலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓட்டுகிறவரே நிறுத்தினால் இஞ்சின் சத்தம் முதலில் மெலியும், இரண்டு தடவை தும்மும், பிறகு அடங்கும். இது அப்படி அடங்கவில்லை. சத்தம் திடீரென்று கனத்தது. பாரம் ஏற்றியதுபோல் இழுத்தது. பின்சக்கரம் சரளையில் தேய்ந்துகொண்டு போகும் ஓசை ஒரு நொடி கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. ரப்பர் மரங்களுக்குள் பூச்சிகள் கத்திக்கொண்டிருந்தன.

என் மனைவி இராசம்மாள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே தலையை நிமிர்த்தினாள்.

“சத்தம் நின்னுருச்சே. டிரசர் வந்துட்டாரா?”

“கீழ நிறுத்திட்டு நடந்து வாரார் போல இருக்கு” என்றேன்.

அது பொய். வண்டி சாலைவழியே இன்னும் நான்கு மைலுக்கு அப்பால் இருந்தது. இரண்டு சிலிண்டருக்குள்ளும் பிஸ்டன்கள் வெந்து விரிந்து இறுகிப்போயின என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. அந்தப் பிஸ்டன்களைப் போட்டவன் நான்.

ஈப்போவில் நான் முன்பு வேலை செய்த பட்டறையிலிருந்து, இப்போது அங்கே இருக்கும் பிட்டர்கள் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார்கள். தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போடும் வேலையைப் பற்றி எழுதித் தரவேண்டுமாம். முன்பெல்லாம் வார்ப்பிரும்பில் வந்த பிஸ்டன்கள் இப்போது அலுமினியத்தில்தான் வருகின்றன. என்னிடம் கேட்டால் நுணுக்கம் தெரியும் என்று நினைக்கிறார்கள். நாற்பத்தெட்டு வயதில் நான் வேலையை விட்டதற்குக் கண்பார்வை காரணம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கேட்டவர்களுக்கு நுணுக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் அது பாதி பொய்யாகிவிடும். அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

என் தொழில் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்தேன். பதினாறு வயதில் ஈப்போ பட்டறையில் சேர்ந்தேன். ஈயச் சுரங்கங்களின் பம்புகள், எண்ணெய் இஞ்சின்கள், ஐரோப்பாவின் பெரிய சண்டைக்கு முன்பே வந்துவிட்ட சில மோட்டார் கார்கள் என்று பதினெட்டு வருடம் போனது. பிறகு தாப்பாவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தின் தொழிற்சாலையில் இஞ்சின் பிட்டராகப் போனேன். வீடும் விறகும் கொடுத்தார்கள். கமலம் அங்கே பிறந்தவள்.

பட்டறையில் எங்களுக்கு மேலே இருந்தவர் போர்மேன் லாம். கன்டனீஸ் பேசும் சீனர். அவரும் நாங்களும் பேசியது சந்தை மலாய். அதிலும் அவர் பேசியது குறைவு. வேலை சரியில்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. நாம் முடித்துக் கொடுத்த பொருளை மறுபடி நம் மேசைக்கே கொண்டுவந்து தலைகீழாக வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று நாமே தேட வேண்டும். சிலசமயம் இரண்டு நாள் ஆகும். கண்டுபிடித்துத் திருத்தியபின் அவர் பக்கம் கொண்டுபோனால், நிமிர்த்தி வைப்பார். அவ்வளவுதான் பாராட்டு.

சிலிண்டர் வேலையில் அவருக்குச் சில கண்டிப்புகள் இருந்தன. பிஸ்டன் கையில் இல்லாமல் சிலிண்டரைக் குடைய மாட்டார். பிஸ்டனுக்குத் தகுந்தபடிதான் சிலிண்டர், ஒருநாளும் மாற்றி இல்லை. இரண்டையும் முதல்நாள் மாலையே ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிடுவார். இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். அளவு எடுப்பது காலை பத்து மணிக்குள். பிஸ்டனை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு மைக்ரோமீட்டர் வைத்தால், அதை வாங்கித் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுப்பார். உள்ளங்கைச் சூடே அளவை மாற்றிவிடும் என்பது அவர் எண்ணம். சிலிண்டரின் மேலே, நடுவே, கீழே மூன்று இடம். அதே மூன்று இடத்தில் குறுக்கே இன்னொரு முறை. ஆறு எண்களையும் சாக்பீஸால் அந்த வார்ப்பின்மேலேயே எழுதுவார்.

கடைசிச் சோதனைதான் எங்கள் பட்டறையின் பெருமை. அந்தக் காலத்துச் சிலிண்டர்களுக்குத் தலைப்பக்கம் மூடியே இருக்கும். வால்வு ஓட்டைகளை மெழுகால் அடைத்து, சிலிண்டரைத் தலைகீழாக நிறுத்தி, ரிங் மாட்டாத பிஸ்டனில் துளி எண்ணெய் தடவி மேலிருந்து விடுவோம். உள்ளே இருக்கும் காற்று, பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் பிஸ்டன் விழாது. தன் பாரத்தில் மெல்ல அமிழும். நாங்கள் சுற்றி நின்று எண்ணுவோம். ஐந்துக்குள் அடியைத் தொட்டால் தளர்ந்த வேலை. பத்து எண்ணி இறங்கினால் நல்ல வேலை. என் பிஸ்டன்கள் எப்போதும் பத்துக்கு இறங்கும். பத்து எண்ணும் பிட்டர் என்றே எனக்குப் பெயர் விழுந்தது. தோட்டத்துக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் என்னைவிட்டுப் போகவில்லை. போகக்கூடாது என்று நானும் பார்த்துக்கொண்டேன்.

டிரசர் மரியதாஸ் எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்து இரண்டு தோட்டங்களுக்கும் பொது. என்னைவிடப் பத்து வயது இளையவர். பெரிய சண்டை முடிந்தபின் ராணுவம் கழித்துவிட்ட ஒரு பழைய மோட்டார் சைக்கிளை யாரிடமிருந்தோ வாங்கியிருந்தார். இரட்டைச் சிலிண்டர், இரண்டும் வாயகன்று தேய்ந்துபோயிருந்தன. அந்த வண்டி கிளம்பினால் அரை மைலுக்குத் தகர டப்பாவை உருட்டுவதுபோல் கேட்கும். அவர் வாரம் ஒருமுறை குழந்தைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்க வருவார். சத்தம் கேட்டதுமே லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் அத்தனையும் ரப்பர் காட்டுக்குள் ஓடி ஒளிந்துவிடும். எங்கள் கமலம்தான் அந்த ஓட்டத்துக்குத் தலைமை என்று பிற்பாடு தெரிந்தது.

ஒருநாள் தொழிற்சாலைக்கு வந்து என் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணே, சத்தமில்லாத வண்டியா ஆக்கிக் குடுங்கலா. ஒரு புள்ளையும் கையில சிக்க மாட்டேங்குது. மருந்து பூரா நானே குடிக்க வேண்டியதுதான்.”

பக்கத்தில் நின்ற கிராணி சுப்பையா சும்மா இருக்கவில்லை. “பத்து எண்ணும் பிட்டர்கிட்டக் குடுத்துட்டீங்கல்ல? இனிமே நீங்க வாரது உங்களுக்கே தெரியாது” என்றார். ஆபீஸ் கணக்கு எழுதுகிற அவருக்கு யாரையாவது சீண்டாமல் பொழுது போகாது.

நான் இஞ்சினைக் கழற்றினேன். பழைய பிஸ்டன்கள் வார்ப்பிரும்பு. அந்த அளவில் பெரிதாக இரும்புப் பிஸ்டன் கிடைக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து அலுமினியத்தில் வந்தன. கையில் எடுத்தபோது பாரமே இல்லை. எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பெட்டிக்குள் ஆங்கிலத்தில் அச்சடித்த சின்னத் தாள் ஒன்று இருந்தது. காற்றால் குளிரும் இஞ்சினில் இந்தப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துக்குக் குறையாமல் இடைவெளி விடவேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும் என்றும் ஒரு வரி இருந்தது.

நான் அதைப் படித்தேன். படிக்கத் தெரியாதவன் செய்த தப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு முறை படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இரும்புக்கு நாங்கள் விடுவது ஆயிரத்தில் நான்கு. பத்து என்பது என் கண்ணுக்குத் தேய்ந்த சிலிண்டர். அவ்வளவு விட்டால் குளிர்ந்த இஞ்சினில் பிஸ்டன் ஆடும். மறுபடி தகர டப்பாச் சத்தம் வரும். கிராணி என்ன சொல்வார் என்பது காதிலேயே கேட்டது. இந்தத் தாளை எழுதியவர்கள் எல்லா ஊர் அரைகுறைப் பிட்டர்களையும் மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள் என்று தீர்மானித்தேன்.

சிலிண்டர்களையும் பிஸ்டன்களையும் சாக்கில் கட்டி, தாப்பா ரோடு ஸ்டேஷனில் ரயிலேறி ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். போர்மேன் லாம் எதுவும் கேட்காமல் வாங்கிப் பலகையில் வைத்தார். மறுநாள் காலை துணியில் சுற்றிய பிஸ்டனை ஆறு இடத்தில் அளந்தார். சாக்பீஸை எடுத்துச் சிலிண்டரின்மேல் பத்து என்று எழுதினார். அவர் அந்தத் தாளைப் பார்க்கவில்லை, ஆங்கிலமும் தெரியாது. உலோகத்தைப் பார்த்தே எழுதினார்.

நான் அதைக் கையால் அழித்துவிட்டு, பத்து எண்ணி இறங்கும்படி வேண்டும் என்றேன். அந்த எண்ணிக்கை இரும்புக்கு என்றார். இது பாரம் குறைந்த பிஸ்டன், அதனால் அதே எண்ணிக்கைக்கு இடைவெளி தானே கொஞ்சம் கூடும், ஆறு வரும், அது போதும் என்று கணக்குச் சொன்னேன். என் கணக்கு சரிதான். அந்த எண்ணிக்கைக்கு ஆறுதான் வரும். ஆனால் சூட்டில் விரியப்போகும் உலோகத்துக்கு என் எண்ணிக்கையைப் பற்றி என்ன கவலை?

அவர் என் முகத்தைப் பார்த்தார். “சியாப்பா பாவா?” என்றார். யார் ஓட்டுவது என்று.

தோட்டத்து டிரசர், மெதுவாக ஓட்டுகிறவர், செம்மண் சாலையில் இருபது மைல் வேகத்துக்கு மேல் போகமாட்டார் என்றேன்.

அவர் சிலிண்டரில் நான் அழித்த இடத்தைத் துணியால் துடைத்தார். பிறகு அதே மலாயில், டிரசருக்கு அவசரமே வராதா என்று கேட்டார்.

நான் சிரித்தேன். இப்போது எழுதும்போதும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. அவர் சாக்பீஸை என்னிடம் கொடுத்து, ஆறு என்று என் கையாலேயே எழுதச் சொன்னார். கீழே என் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதினேன். ஆறுக்குக் குடைந்து கொடுத்தார். சாயங்காலம் எடுத்துவரப் போனபோது சிலிண்டர்கள் மேசையில் இருந்தன. பக்கத்தில் இரண்டு பிஸ்டன்களும் தலைகீழாக வைக்கப்பட்டிருந்தன.

பார்த்தேன். நிமிர்த்திச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

தொழிற்சாலையில் கிராணி, டிரசர் முன்னால் சோதனை செய்து காட்டினேன். பிஸ்டன் அமிழ அமிழ அவர்களே எண்ணினார்கள். பத்தில் அடியைத் தொட்டது. மரியதாஸ் கைதட்டினார். இஞ்சினைப் பூட்டி ஓட்டியபோது தையல் மிஷின்போல் ஓடியது. முதல் ஐந்நூறு மைல் மெதுவாகப் போகச் சொன்னேன். அந்த வண்டிகளில் எண்ணெய் தானாகப் போகாது. டாங்கின் பக்கத்தில் உள்ள கைப்பம்பை ஓட்டுகிறவரே சில மைலுக்கு ஒருமுறை அழுத்த வேண்டும். மேடு ஏறினால் கூடுதலாக ஒரு அடி அடிக்கச் சொன்னேன். அவர் எதையும் மறக்கிறவர் இல்லை. பத்து வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிள்ளைகளும் கையில் சிக்கினார்கள். கமலத்தைக் குழாயடியிலேயே பிடித்துப் பூச்சி மருந்து கொடுத்துவிட்டார்; அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. “நீங்கதானப்பா சத்தத்தை எடுத்தீங்க” என்றாள்.

பதினோராவது வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்தில் காய்ச்சல் வராத பிள்ளை கிடையாது. கிராணியின் அலமாரியில் மலேரியாவுக்கான கொயினா மாத்திரை இருந்தது; கொடுத்தோம், வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் உடம்பு வெட்டி இழுத்தது. இழுப்பு நின்றபின் கண் திறந்தாள், ஆனால் எங்களைத் தெரியவில்லை. வாயில் விட்ட தண்ணீர் வழிந்தது. இனி மாத்திரை இறங்காது, ஊசியில்தான் கொயினா ஏற்ற வேண்டும்.

தோட்டத்து மேனேஜர் துரை காரை எடுத்துக்கொண்டு ஈப்போ போயிருந்தார். கிராணி ஆபீஸ் டெலிபோனில் பக்கத்துத் தோட்டங்களைக் கூப்பிட்டார். மூன்றாவது தோட்டத்தில் டிரசர் கிடைத்தார். பதினைந்து மைல். மூன்று மணிக்குக் கிளம்பினார், மூன்றரைக்கு வந்துவிடுவார் என்று கிராணி ஓடிவந்து சொன்னார். “பறந்து வாரேன்னு பிட்டர் அண்ணன்கிட்டச் சொல்லுங்கன்னார்.”

பத்து வாரமாக வராத அவசரம் அன்றைக்கு வந்தது. அதுவும் என் மகளுக்காக வந்தது. மெதுவாக வரச் சொல்லுங்கள் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. எந்தத் தகப்பன் அதைச் சொல்வான்? சொன்னாலும் யார் காதில் விழும்? அவர் சாலையில் இருந்தார்.

மூன்றேகாலுக்குப் பாலத்தைத் தாண்டும் சத்தம் கேட்டது. இரண்டு சிலிண்டரும் ஒன்றாக, ஒரு பிசகும் இல்லாமல் முழு வேகத்தில் பாடிக்கொண்டு வந்தன. அதற்குப் பிறகு அந்த நீண்ட மேடு. ஏறும்போது காற்று குறைவு, சூடு அதிகம். வெயிலோ மண்டையைப் பிளந்தது. ஆயிரத்தில் ஆறு, ஐந்து, மூன்று என்று அந்த இடைவெளி குறைவதை நான் பாயில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் செய்யமுடியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு மூன்று இருபது.

எழுந்து ஓடினேன். லயத்தின் முனைவரைகூடப் போகவில்லை, இராசம்மாள் அலறினாள். திரும்பி வந்தேன். மறுபடி இழுப்பு. பல்லுக்கு நடுவே துணி சுற்றிய கரண்டியை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது; அவளைத் தனியே விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. கிராணியின் சைக்கிளில் அவரையே அனுப்பினேன். மேட்டுச் சாலையில் பாருங்கள் என்று இடம்கூடச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

நான்கு இருபத்தைந்துக்குக் கிராணி திரும்பிவந்தார். வேர்த்து ஊற்றியது. வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் என்னைக் கையால் அழைத்தார். எப்போதும் சீண்டுகிற மனிதர், அன்று வார்த்தை தேடினார்.

“வண்டி ஓடைக்குள்ள கெடக்கு பிட்டரே. சரளையில ரத்தம். ஆளைக் காணோம். பையையும் காணோம்.”

சக்கரத்தை உருட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைத்தான் கேட்டேன். உருளவில்லை, கல்மாதிரி நிற்கிறது என்றார். கத்திக் கூப்பிட்டுப் பார்த்தாராம். பதில் இல்லையாம். வேறு யாராவது தூக்கிப் போயிருக்கலாம் என்றார். ஓடைத் தண்ணீர் இழுத்திருக்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். இராசம்மாள் ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன் நான் சொன்ன பொய்யை அவள் நம்பவே இல்லை என்று அப்போது புரிந்தது. சட்டைப்பையில் அந்தத் தாள் இல்லை. ஆனாலும் கை அங்கேயே போய்ப் போய் வந்தது. ஒரு ஆள் போய்விட்டார், இன்னொரு உயிர் மடியில் கிடக்கிறது, இரண்டும் ஒரே சாக்பீஸ் எண்ணில் வந்தவை. இப்படி யோசித்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. யோசனை எதுவும் ஓடவில்லை. கடிகாரத்தின் ஊசலைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். பத்துவரை எண்ணுவேன், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

அப்புறம் கதவைத் தட்டி வந்தவர் யார், என்ன சொன்னார் என்பதைச் சொல்வதற்கு முன், பிட்டர்கள் கேட்டதை எழுதி முடித்துவிடுகிறேன்.

நான்காம் நாள் அந்த இஞ்சினைக் கழற்றினேன். எண்ணெய் இல்லாமல் இறுகிய பிஸ்டனில் அழுத்தம் விழும் முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும் முதலில் உரசி, சுவர் உலர்ந்து கறுத்திருக்கும். இதில் நான்கு பக்கமும் சம அளவில் அலுமினியம் உருகி இழுபட்டிருந்தது. சுவரில் எண்ணெய் ஈரம் அப்படியே இருந்தது. எண்ணெய் டாங்கை அளந்தேன்; அவர் ஓட்டிய பதினொரு மைலுக்கு எவ்வளவு குறையவேண்டுமோ அதைவிட இரண்டு பம்பு அடி அதிகமாகவே குறைந்திருந்தது. அவர் பம்பு அடித்திருக்கிறார். மேட்டில் கூடுதலாகவும் அடித்திருக்கிறார். இடைவெளி போதவில்லை, வேறொன்றும் இல்லை. அலுமினியம் போடுகிறவர்கள் பெட்டியில் உள்ள தாளைப் படித்து, அதில் உள்ளபடி விடுங்கள். குளிரில் சத்தம் போட்டால் போடட்டும். பத்து எண்ணும் சோதனையை அலுமினியத்துக்குச் செய்யாதீர்கள். அது ஊர் சொல்லும் பெயருக்கான சோதனை.

சிலிண்டர்களை ஈப்போவுக்குக் கொண்டுபோனபோது போர்மேன் லாம் அந்த இழுபட்ட தடங்களைப் பார்த்தார். ஓட்டியவர் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார். இருக்கிறார் என்றேன். பிஸ்டன்களை எடுத்துத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். மறுபடி குடைந்து, இன்னும் பெரிய பிஸ்டனுக்கு ஆயிரத்தில் பதினொன்று விட்டார். அந்த வண்டி இன்றும் தகர டப்பாச் சத்தத்தோடு ஓடுகிறது. நான் அதன்பிறகு ஒரு சிலிண்டரையும் தொடவில்லை. மறு வருடம் வேலையை விட்டு ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் பக்கம் வந்துவிட்டோம்.

கமலம் பிழைத்தாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். இடது காது கேட்காது. அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் சுற்றிப் போய் அவள் முன்னால் நிற்பேன். சாலையில் மோட்டார் சைக்கிள் போனால் சத்தம் மெலிந்து மறையும்வரை நான் கையில் எடுத்ததைக் கீழே வைப்பதில்லை. டிரசரின் வலது மணிக்கட்டு வளைந்தபடியே சேர்ந்தது. அவரிடம் இதுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. மூன்று முறை தாப்பாவுக்கு ரயிலேறினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையோ பேசிவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரையின் முதல் பிரதி அவருக்குத்தான் போகிறது. பெட்டியில் இருந்த அந்தத் தாளையும் அதோடு வைக்கிறேன்.

அன்று நாலே முக்காலைத் தாண்டி ஐந்து நிமிடம் ஆனபோது பின்கதவு தட்டப்பட்டது. எல்லோரும் முன்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவைத் திறந்தால் மரியதாஸ். இடுப்புவரை சேறு. சாலையைச் சுற்றினால் நான்கு மைல் என்று சதுப்பையும் ரப்பர் காட்டையும் குறுக்கே வெட்டி நடந்து வந்திருக்கிறார். அதனால்தான் கிராணியின் கண்ணில் படவில்லை. நெற்றி கிழிந்திருந்தது. வலது கை துண்டில் தொங்கியது, மணிக்கட்டு இருக்கவேண்டிய திசையில் இல்லை. மருந்துப் பை கழுத்தில் மாட்டியிருந்தது. விழும்போது பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதால்தான் கை கீழே மாட்டியதாம். உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பிகூட உடையவில்லை.

கமலத்தின் இமையை இடக்கையால் விலக்கிப் பார்த்தார். நாடி பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“அண்ணே, எனக்குக் கை இல்ல. நீங்கதான் போடணும்.”

முடியாது என்றேன். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

“நடுங்காத கைன்னு ஊரே சொல்லுது. சொல்லச் சொல்லச் செய்யுங்க, போதும்.”

அவர் சொன்னார், நான் செய்தேன். கொதித்த நீரில் போட்டெடுத்த கண்ணாடிக் குழலில் அதன் கண்ணாடித் தண்டைப் பொருத்தினேன். அது தானாக மெல்ல அமிழ்ந்தது. என் வாழ்நாளில் நான் போட்ட எந்தப் பிஸ்டனும் அவ்வளவு சுத்தமாக இறங்கியதில்லை. எண்ணாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். குப்பியின் கழுத்தை உடைத்து மருந்தை உறிஞ்சி, காற்றை வெளியே தள்ளி, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் இடுப்புக்குக் கீழே சதையில் ஊசியை ஏற்றினேன். மெதுவா, இன்னும் மெதுவா என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஊசியை எடுத்தபோது கமலம் ஒரு சின்னச் சத்தம் போட்டாள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அவள் போட்ட முதல் சத்தம் அது. இராசம்மாள் சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள்.

மரியதாஸ் கதவு நிலையில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்தார். உடைந்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. என் கண்ணைப் பார்க்காமல் குனிந்துகொண்டே பேசினார்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. பதட்டத்துல மேட்டுல எண்ணெய் அடிக்க மறந்துட்டேன் போல இருக்கு. அவ்வளவு நல்லாச் செஞ்சு குடுத்தீங்க. உங்க இஞ்சினை நான்தான் பாழாக்கிப்புட்டேன்.”